நடுநிசி நாயனம்

தான் சாப்பிடக் கொடுத்து வைக்காத பண்டத்துக்குச் சரித்திரம் எழுதப் புறப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறந்தது முதல் மரக்கறி உண்டு வளர்ந்த ஆசாமி, பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்து எடுக்கும் ரசத்தைப் பற்றிப் பேச வந்தால் வாசகர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் பிறகு கேட்டால் போதும். மூக்குக்கு ஆசாரம் கிடையாது, காதுக்கும் கிடையாது. இந்தக் கதை என்னிடம் வந்து சேர்ந்தது அந்த இரண்டு வழியாகவும்தான்.

ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவில் ஃபுகுஓகா என்று ஒரு பட்டணம். ஊருக்கு நடுவே நாகா ஆறு ஓடுகிறது. பகலில் அந்த ஆற்றங்கரை நடைபாதையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; துடைத்துவிட்டாற்போல் காலியாக இருக்கும். அந்தி சாய்ந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வரும். மடக்கி வைத்த பலகைகளைப் பிரிப்பார்கள். கூரை ஏறும். விளக்கு எரியும். முகப்பில் சின்னத் துணித்திரை தொங்கும். அவ்வளவுதான், கடை தயார். வண்டியைச் சுற்றிப் பலகை போட்டு எட்டுப் பேர் உட்காரலாம்; கொஞ்சம் நெருங்கினால் பத்துப் பேர். இந்த மாதிரித் தள்ளுவண்டிக் கடைக்கு ஜப்பானிய பாஷையில் 'யதாய்' என்று பெயர்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் எழுபத்தேழு வயதான ஜப்பானிய நண்பர். என்ஜினீயர். ஒரு காலத்தில் வேலை நிமித்தமாகச் சென்னையில் இரண்டு வருஷம் இருந்தவர். ஆகையால் என் சாப்பாட்டு விவகாரம் அவருக்கு அத்துப்படி. கடைக்காரரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். கடைக்காரர், நெடுநாள் நோயாளியைப் பார்ப்பதுபோல் என்னை அனுதாபத்துடன் பார்த்துவிட்டு, உப்புப் போட்டு வேகவைத்த பச்சை சோயாக் காய்களை ஒரு தட்டில் வைத்தார். நண்பருக்கு முன்னால் ஆவி பறக்கும் கிண்ணம் வந்தது. பாலாக வெளுத்த ரசம். அதற்குள் நூல் நூலாகக் கோதுமைச் சேமியா. மேலே இரண்டு துண்டு இறைச்சி, பொடியாக அரிந்த வெங்காயத்தாள். இதுதான் ராமென்.

எனக்கு வலப்பக்கம் கழுத்து டையைத் தளர்த்திவிட்ட ஆபீஸ் குமாஸ்தா. இடப்பக்கம் நண்பர். அவருக்கு அப்பால் ஒரு டாக்சி டிரைவர். எதிரே ஓர் இளம் தம்பதி. யாருக்கும் யாரும் அறிமுகமில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் எல்லாரும் எல்லாரோடும் பேசிக் கொண்டிருந்தார்கள். நம் ஊர் ராத்திரி ரெயிலில் ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் உண்டாகிற சிநேகம் இருக்கிறதே, அதே சிநேகம்.

நண்பர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடைகளில் எல்லாம் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. என் அப்பா வண்டி தள்ளிய காலத்தில் முதலில் சத்தம் வரும், பிறகுதான் வாசனை வரும்."

"என்ன சத்தம்?"

"சாருமேரா என்று ஓர் ஊதுகுழல். உங்கள் ஊர்க் கல்யாணத்தில் ஒருவர் கன்னம் புடைக்க ஊதுவாரே, அதற்குத் தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். மயிலாப்பூரில் முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குப் பசி எடுத்துவிட்டது."

நாயனம் கேட்டுப் பக்தி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணீர் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பசி எடுத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தப் பசியின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனபோது அகப்பட்டதுதான் இந்தக் கதை.

*

ராத்திரியில் குரல் கொடுத்துக் கொண்டு சேமியா விற்பது ஜப்பானில் பழைய தொழில். டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த நாளிலேயே 'சோபா' வியாபாரிகள் தோளில் பெட்டியும் அடுப்பும் சுமந்து தெருத் தெருவாகப் போனார்கள். சோபா என்பது ஒருவகைக் கறுப்புத் தானியத்தின் மாவில் செய்கிற சேமியா. எடோ மரத்தால் கட்டின ஊர். அடிக்கடி தீப்பிடிக்கும் ஊர். நெருப்புச் சட்டியோடு இரவில் யாரும் நடமாடக் கூடாது என்று அரசாங்கம் 17-ஆம் நூற்றாண்டில் உத்தரவு போட்டது. போட்ட உத்தரவையே மறுபடியும் போட்டது. ஒரே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன அர்த்தம்? ஜனங்கள் அதைச் சட்டை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். பட்டணத்தில் ஏராளமான பேர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒண்டி ஆண்கள். அவர்களுக்கு ராத்திரிப் பசி எடுத்தால் அரசாங்கமா அடுப்பு மூட்டும்?

அந்த சோபாவில் மாமிச ரசம் கிடையாது. பௌத்தத்தின் செல்வாக்கினால் நாலு கால் பிராணிகளின் இறைச்சியை ஜப்பானியர் பெரும்பாலும் விலக்கி வைத்திருந்தார்கள். பிறகு மெய்ஜி சக்கரவர்த்தி காலத்தில் காற்று திரும்பியது. மேல்நாட்டார் பலசாலிகளாக இருப்பது மாமிசத்தால்தான் என்று யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்கள். 1872-ல் சக்கரவர்த்தியே மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியாயிற்று. அதற்கப்புறம் குடிகள் எதற்காகத் தயங்க வேண்டும்?

இதற்கு முன்பே 1859-ல் யோக்கோஹாமா துறைமுகத்தை அந்நியருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். வெள்ளைக்கார வியாபாரிகள் வந்தார்கள். கூடவே சீனர்களும் வந்தார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை எப்படியோ அப்படி, யோக்கோஹாமாவில் வெள்ளைக்காரர்களுக்குச் சீனத் துபாஷிகள். சீனருக்கும் ஜப்பானியருக்கும் பேச்சு வேறு. ஆனால் எழுத்துப் பொது. வாயால் முடியாததைத் தூரிகையால் எழுதிக் காட்டி வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ஜப்பானியர் 'நான்கின் தெரு' என்று பெயர் வைத்தார்கள். சீனாவிலிருந்து எது வந்தாலும் அது நான்கின்தான். நிலக்கடலைக்குக்கூட 'நான்கின் பயறு' என்று பெயர். இதில் நாம் அவர்களைக் கேலி செய்வதற்கில்லை. சர்க்கரையைச் சீனி என்றும், இரும்புச் சட்டியைச் சீனச் சட்டி என்றும் சொல்லிக் கொண்டு நாமும் இருக்கிறோமே.

நான்கின் தெருவில் சீனர்கள் தங்களுக்காகச் செய்து கொண்ட கோதுமைச் சேமியாவுக்கு 'நான்கின் சோபா' என்று பெயர் வந்தது. அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாவைப் பிசையும்போது கார உப்புக் கலந்த தண்ணீரை விடுவார்கள். நம் வீட்டில் அப்பளத்துக்கு அப்பளக்காரம் போடுகிறோம் அல்லவா, ஏறக்குறைய அந்தச் சங்கதிதான். அதனால் சேமியாவுக்கு மஞ்சள் நிறமும், பல்லில் பட்டால் துள்ளும் குணமும் வருகின்றன.

1899 வரை அந்நியர்கள் அவர்களுக்கென்று ஒதுக்கிய பேட்டையைத் தாண்டிக் குடியிருக்க முடியாது. அந்த வருஷம் கட்டுப்பாடு நீங்கியது. அதே வருஷத்தில் நாகஸாகியில் சென் பிங்ஷுன் என்ற ஃபூஜியன் மாகாணத்துச் சீனர் 'ஷிகாய்ரோ' என்று ஒரு கடை வைத்தார். அங்கே படிக்க வந்திருந்த ஏழைச் சீன மாணவர்களுக்கு மலிவாகவும் வயிறு நிறையவும் ஏதாவது போட வேண்டுமே என்று காய்கறி, மீன், இறைச்சி எல்லாவற்றையும் சேமியாவோடு ஒரே சட்டியில் கலந்து கொதிக்க வைத்தார். 'சாம்பொன்' என்கிற அந்தப் பண்டம் இன்றைக்கு நாகஸாகியின் கௌரவம்; ஷிகாய்ரோவும் அவர் சந்ததியாரிடம் நடந்து வருகிறது.

டோக்கியோவுக்குக் கதை வந்து சேர்ந்தது 1910-ல். யோக்கோஹாமா சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்த ஓஸாகி கன்இச்சி என்பவர் அசாகுசா என்னும் பேட்டையில் 'ராய்ராய்கென்' என்று ஒரு கடை திறந்தார். அசாகுசாவில் கோயில் உண்டு, சினிமாக் கொட்டகை உண்டு, வித்தைக்காரர்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தேர்க் கூட்டம். ஓஸாகி யோக்கோஹாமாவின் சீனச் சமையற்காரர்களை அழைத்து வந்து, ஜப்பானியர் நாக்குக்கு ஏற்றபடி சோயா ரசம் சேர்த்துக் கொடுத்தார். ஏழைத் தொழிலாளியும் காசு கொடுத்துச் சாப்பிடக் கூடிய விலை. கூட்டம் அம்மியது.

ஆனால் இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் பண்டத்தின் பெயர் மாறிவிட்டது. 'நான்கின் சோபா' போய் 'ஷீனா சோபா' வந்தது. 1895-ல் ஜப்பான் சீனாவை யுத்தத்தில் ஜயித்திருந்தது. தோற்றவனைச் சுட்டும் சொல்லாக 'ஷீனா' என்ற பெயரில் ஓர் இளக்காரம் ஏறிக் கொண்டது. லூ சூன் போன்ற சீன இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் டோக்கியோவுக்குப் படிக்க வந்த காலம் அது. தங்கள் தேசத்தின் பெயரைத் தெருவில் இப்படிக் கேட்டுக் கொண்டேதான் அவர்கள் படித்தார்கள். அவர்கள் சமையலின் சுவை ஜப்பானியருக்கு இனித்தது. அவர்கள் மட்டும் இனிக்கவில்லை.

*

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பூமி அதிர்ந்தது. மத்தியானச் சமையலுக்கு வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்து கொண்டிருந்த நேரம். நெருப்புப் பிடித்துக் கொண்டது. டோக்கியோவிலும் யோக்கோஹாமாவிலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நான்கின் தெரு மண்ணோடு மண்ணாயிற்று. பூகம்பத்தைவிடக் கொடியது அதன் பின்னால் வந்த வதந்தி. கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஆயிரக்கணக்கான கொரியர்களும், நூற்றுக்கணக்கான சீனத் தொழிலாளர்களும் தெருவில் கொலையுண்டார்கள்.

தப்பிய சமையற்காரர்கள் நாலா திசையிலும் சிதறினார்கள். கட்டிடம் போனாலும் பசி போகவில்லை. இடிபாடுகளுக்கு நடுவே வண்டிக் கடைகள் முளைத்தன. பழைய சோபா வியாபாரியின் பாதையில் இப்போது ஷீனா சோபா வண்டி வந்தது. அவன் கையில் சாருமேரா. அந்தப் பெயர் போர்த்துகீசியச் சொல். 16-ஆம் நூற்றாண்டில் அந்தக் கப்பல்காரர்கள் ஜப்பானுக்கு வந்ததன் நினைவு. நம் நாயனத்தைப் போலவே அதற்கும் இரட்டைச் சீவாளி. ஊதினால் ஒரே ஒரு சிறு பிடி. மேலே ஏறி, தயங்கி, இறங்கும். அதைக் கேட்டால் ராத்திரி கண் விழித்துப் படிக்கும் பையன் புத்தகத்தை மூடுவான்.

ஓஸு யஸுஜிரோ என்ற மகா டைரக்டர் 1936-ல் 'ஒரே மகன்' என்று ஒரு படம் எடுத்தார். கிராமத்துத் தாய் ஆலையில் உழைத்து, உள்ளதை விற்று, மகனைப் படிக்க வைக்கிறாள். டோக்கியோவில் அவன் பெரிய மனிதனாகியிருப்பான் என்று பார்க்க வருகிறாள். அவனோ ராப்பள்ளிக்கூட வாத்தியார். தாய்க்கு விருந்து வைக்க அவனிடம் பணமில்லை. தெருவில் வந்த வண்டிக்காரனிடம் சேமியா வாங்கி வந்து கொடுத்து, ரசம் நன்றாக இருக்கும் அம்மா என்று உபசாரம் செய்கிறான். அந்தக் கிண்ணத்தில் இருப்பது மகனின் அன்பா, மகனின் தோல்வியா என்று தாய்க்குப் புரிந்துவிடுகிறது. பார்க்கிற நமக்குத் தொண்டை அடைத்துக் கொள்ளும்.

இனி 1937. கியூஷூவில் குருமே என்ற ஊர். ஃபுகுஓகாவுக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பிரயாணத்துக்குள் இருக்கிறது. பன்றி எலும்பு ரசத்தில் சேமியா போடும் முதல் வண்டிக் கடை அந்த வருஷம் அங்கேதான் தோன்றியது. கடைக்காரர் வைத்த பெயர் 'நான்கின் ஸென்ரியோ'. யோக்கோஹாமாத் தெருவை நினைத்து வைத்த பெயர். சூது வாது இல்லாத பெயர். ஆனால் அதே 1937 டிசம்பர் மாதம் ஜப்பானியச் சேனை நிஜமான நான்கின் நகருக்குள் புகுந்தது. அங்கே நடந்த படுகொலையை இன்றைக்கும் உலகம் மறக்கவில்லை. ஒரே வருஷம், ஒரே பெயர். குருமேயில் அந்தப் பெயரை விளக்கில் எழுதித் தொங்கவிட்டுக் கடையில் உட்கார்ந்து ஜனங்கள் சாப்பிட்டார்கள். கடலுக்கு அப்பால் அந்தப் பெயருள்ள ஊர் எரிந்து கொண்டிருந்தது. ஒரு நாவலாசிரியன் இப்படி எழுதினால் செயற்கை என்று விமரிசகர்கள் தள்ளிவிடுவார்கள். சரித்திரத்துக்கு விமரிசகர்களைப் பற்றிப் பயம் கிடையாது.

*

யுத்தம் வளர்ந்தது. 1941-ல் பெரிய பட்டணங்களில் அரிசிக்கு ரேஷன் வந்தது. வண்டிக் கடைகள் மறைந்தன. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அந்த வருஷத்து நெல் விளைச்சலும் படுமோசம். கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்து கொண்டிருந்த அரிசி நின்றது. ரேஷனில் கிடைத்ததைத் தின்று உயிர் வாழ முடியாது. கள்ளச் சந்தையில் வாங்கினால் குற்றம். 1946 மே 19-ஆம் தேதி சக்கரவர்த்தி அரண்மனைக்கு எதிரே ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் கூடிச் சோறு கேட்டார்கள்.

டோக்கியோவில் யமாகுச்சி யோஷிதாடா என்று ஒரு நீதிபதி. கள்ளச் சந்தை வழக்குகளை விசாரிப்பது அவர் வேலை. 'நானே கள்ளச் சந்தையில் வாங்கித் தின்றுவிட்டு, தின்றவனை எப்படித் தண்டிப்பேன்?' என்ற தர்மசங்கடம் அவரைப் பிடித்துக் கொண்டது. ரேஷன் தவிர வேறு எதையும் தொடுவதில்லை என்று விரதம் பூண்டார். அதிலும் பெரும்பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1947 அக்டோபரில், தமது 33-ஆம் வயதில், போஷாக்கில்லாமல் இறந்து போனார். ஹரிச்சந்திரனுக்கு மயானத்தில் சோதனை முடிந்தது; இவருக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

கள்ளச் சந்தையில் அதிகமாகக் கிடைத்தது எது? கோதுமை மாவு. அமெரிக்காவிலிருந்து உணவு உதவியாக வந்த கோதுமை, மாவு அரைக்கும் ஆலை வாசலிலிருந்தே வழி மாறிச் சந்தைக்குப் போயிற்று. வண்டியும் அடுப்பும் சேமியாவும் ரசமும் வாடகைக்குக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். கையில் முதல் இல்லாதவன்கூட வண்டியைத் தள்ளிக் கொண்டு புறப்படலாம். யார் தள்ளினார்கள்? சேனை கலைந்த சிப்பாய். வேலை போன தொழிலாளி. சீனர், கொரியர், தைவான்காரர். எல்லாருக்கும் மேலாக, இழந்த சாம்ராஜ்யத்திலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பிய ஜப்பானியர். அப்படித் திரும்பினவர்கள் அறுபது லட்சத்துக்கு மேல். ஃபுகுஓகாவின் ஹகாடா துறைமுகத்தில் மட்டும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள்.

"அவர்களில் ஒருவர் என் அப்பா" என்றார் நண்பர்.

அவர் தகப்பனார் மஞ்சூரியாவில் ரெயில்வே குமாஸ்தா. ஜப்பான் ஆண்ட அந்தச் சீமையில் ஜப்பானியக் குமாஸ்தா என்றால் சின்ன துரை. சீனச் சிப்பந்திகளை நிமிர்ந்தும் பார்க்கமாட்டாராம். அவர்கள் சாப்பாட்டின் வாசனை ஆகாது என்று ஜன்னலைச் சாத்தச் சொல்வாராம். 1945 ஆகஸ்டில் ருஷ்யச் சேனை வந்தது. உத்தியோகம், வீடு, சம்பளம் எல்லாம் ஒரே வாரத்தில் பறந்தன. அந்தக் குளிர்காலத்தில் அவரையும் மனைவியையும் காப்பாற்றியது யார் தெரியுமா? ஜன்னலைச் சாத்தச் சொன்னாரே, அந்த அடுத்த வீட்டுச் சீனக் குடும்பம். தினம் ஒரு கிண்ணம் சேமியா. சும்மா வாங்கிச் சாப்பிட மனம் கூசி, அவர் அந்த வீட்டுக் கிழவிக்கு மாவு பிசைந்து கொடுத்தார். அப்படித்தான் தொழில் கற்றார். 1946-ல் கப்பல் ஏறி ஹகாடாவில் இறங்கியபோது, அவர் கையில் இருந்த ஆஸ்தி அந்த வித்தை ஒன்றுதான்.

அதே வழியாக வந்ததுதான் 'கியோஸா' என்கிற மாமிசக் கொழுக்கட்டையும். நம் கொழுக்கட்டைக்குச் சீனத்துச் சித்தி பிள்ளை. மஞ்சூரியாவில் அதைத் தின்று பழகியவர்கள் ஊர் ஊராகக் கொண்டு வந்தார்கள். வாள் எடுத்துக் கொண்டு போனவர்கள் கரண்டியோடு திரும்பினார்கள்.

பெயரும் மறுபடி மாறிற்று. 1946-ல் ஜப்பானிய அரசாங்கமே 'ஷீனா' என்ற சொல்லைத் தவிர்க்கும்படி அறிக்கை விட்டது. ஷீனா சோபா, 'சூகா சோபா' ஆயிற்று. அதுவும் சீனச் சேமியா என்றுதான் பொருள். ஆனால் அதில் ஏளனம் இல்லை. தோற்ற பிறகு மரியாதை வருவது மனித சுபாவம் போலிருக்கிறது.

பாலாக வெளுத்த ரசத்துக்கும் ஒரு கதை சொல்கிறார்கள். 1947-ல் குருமேயில் ஒரு கடைக்காரர் அடுப்பைத் தாயாரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வர நேரமாயிற்று. ரசம் கொதித்துக் கொதித்து வெள்ளையாகக் கலங்கிவிட்டது. கொட்டிவிடலாம் என்று பார்த்தவர், ஒரு வாய் ருசி பார்த்தார், கொட்டவில்லை. தாயாரின் அஜாக்கிரதை பிள்ளைக்குப் பிழைப்பாயிற்று. ஃபுகுஓகாவின் நாகஹாமா மீன் சந்தையில் அவசரக்காரர்கள் அதிகம். அவர்களுக்காகச் சேமியாவை இன்னும் மெல்லிசாக இழைத்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும். சேமியா தீர்ந்தால் ரசத்தை வைத்துக் கொண்டு மறு ஈடு சேமியா மட்டும் வாங்கிப் போட்டுக் கொள்ளலாம்.

*

யுத்தத்துக்குப் பிந்திய ஒரு குளிர் இரவில், ஓஸாகா நகரத்து உமேடா ரெயில் நிலையத்துக்குப் பின்னால், வண்டிக் கடை ஒன்றின் முன் ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்றதை ஒருவர் பார்த்தார். அவர் பெயர் மோமொஃபுகு ஆண்டோ. 1910-ல் தைவானில் பிறந்தவர். அந்தக் காட்சி அவர் மனத்தில் தங்கிவிட்டது. 1957-ல் அவர் தலைமை வகித்த கடன் சங்கம் முழுகியது; கையில் இருந்ததெல்லாம் போயிற்று. நாற்பத்தேழு வயதில், வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் உட்கார்ந்து, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் சேமியாவுக்கு வழி தேடினார். வாணலியில் பஜ்ஜி மாதிரி எண்ணெயில் பொரித்தால் சேமியாவின் ஈரம் போய், நுண்ணிய துவாரங்கள் விழும், பிறகு வெந்நீர் அதில் ஏறிக் கொள்ளும் என்று கண்டார். 1958 ஆகஸ்ட் 25-ஆம் தேதி 'சிக்கன் ராமென்' கடைக்கு வந்தது. விலை 35 யென். பண்டத்துக்கு 'ராமென்' என்ற பெயர் தேசமெங்கும் நிலைத்தது இந்தப் பொட்டலத்தால்தான். 1971-ல் அதையே கோப்பையில் அடைத்து விற்றார். நம் வீட்டுக் குழந்தைகள் இரண்டு நிமிஷத்தில் கேட்கும் பலகாரத்துக்கு ஆதிபுருஷர் அவர்தான்.

அந்தக் கோதுமையிலும் ஒரு ராஜதந்திரம் உண்டு. 1954-ல் அமெரிக்கா தன் உபரித் தானியத்தைப் பிற தேசங்களுக்குத் தள்ளிவிட ஒரு சட்டம் செய்தது. பி.எல்.480 என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். நாம் ரேஷன் கடையில் வாங்கிய அதே கோதுமை ஜப்பானுக்கும் போயிற்று. அரிசி தின்னும் ஜனங்களைக் கோதுமைக்குப் பழக்க, 1956 முதல் அங்கே சமையல் பஸ்கள் கிராமம் கிராமமாகச் சுற்றின. நாம் முணுமுணுத்துக் கொண்டே சப்பாத்தி இட்டோம். அவர்கள் ரசத்தில் போட்டார்கள்.

*

தள்ளுவண்டிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று? பொதுச் சாலைகளில் இருக்கும் கடைகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று 1949-ல் டோக்கியோவில் உத்தரவாயிற்று. பலர் சந்து முனைகளில் சின்னக் கடை பிடித்தார்கள். சிவப்புத் திரை, எண்ணெய்ப் பிசுக்கேறிய மேஜை, அடுப்படியில் கணவன், கல்லாவில் மனைவி. ராமெனோடு கியோஸாவும் பொரித்த சாதமும் கிடைக்கும். சீனாவில் யாரும் கேள்விப்பட்டிராத 'சீனப் பலகாரங்கள்' சிலவும் கிடைக்கும். ஓஸு தமது கடைசிப் படத்தில், 1962-ல், மறுபடியும் அங்கேதான் வந்து நின்றார். பழைய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முதுமையில் இப்படி ஒரு மலிவுச் சேமியாக் கடை நடத்துகிறார். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் பழைய மாணவர்கள் அதைப் பார்த்துச் சங்கடப்படுகிறார்கள். முதல் படத்தில் மகனின் தலையைக் குனிய வைத்த கிண்ணம் இதில் குருவின் தலையைக் குனிய வைக்கிறது.

இன்று அந்தக் கடைகளும் ஒவ்வொன்றாக மூடுகின்றன. வியாபாரம் குறைந்து அல்ல. அடுப்படியில் நின்றவருக்கு எண்பது வயது. மகன் படித்து ஆபீசுக்குப் போய்விட்டான். கும்பகோணத்திலும் மதுரையிலும் பழைய காப்பி ஓட்டல்கள் மூடிய கதை நமக்குத் தெரியாததா?

ஃபுகுஓகா மட்டும் வண்டிகளை விடவில்லை. கடைக்காரர்கள் சங்கம் சேர்ந்து நின்றார்கள். 1960-களில் நானூறுக்கு மேற்பட்ட வண்டிகள் இருந்தன. பிறகு, நடைபாதைக்கு இடைஞ்சல், சுகாதாரக் குறைவு என்ற புகார் வலுத்து, 1995-ல் புது அனுமதி நின்றது. இருப்பவர் காலத்தோடு சரி என்று விதி வந்தது. வண்டிகள் குறைந்து கொண்டே போயின. ஊரின் அடையாளம் போய்விடும் என்று பயந்து, நகரசபை 2013-ல் இவற்றுக்கென்றே தனிச் சட்டம் செய்து, பிறகு புதியவர்களுக்கும் கதவைத் திறந்தது. இன்றைக்கு நூறு வண்டிகள் வரை இருக்கின்றன.

மறுநாள் காலை நண்பர் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அலமாரியிலிருந்து ஒரு துணிச் சுருளை எடுத்துப் பிரித்தார். முழ நீளம் இருக்கும். மரத்தாலான குழல், நுனியில் பித்தளை அணைசு. நாயனத்தின் குழந்தை மாதிரி இருந்தது.

"எனக்கு ஒன்பது வயது. ஒரு சிநேகிதன் வீட்டில் பிறந்த நாள். டாக்டர் வீடு. வெளியே சாருமேரா கேட்டது. எல்லாருக்கும் சேமியா வாங்கித் தருகிறேன் என்று டாக்டர் எழுந்து போனார். பையன்கள் எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். நான் உள்ளே ஒரு கதவுக்குப் பின்னால் நின்று கொண்டேன். வாசலில் என் செருப்பு இருந்தது. அப்பா அதைப் பார்த்திருப்பார். அவர் வாங்கிக் கொடுத்த செருப்புத்தானே."

"என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கம் அவர் ஊதியதே இல்லை. அவ்வளவுதான்."

அந்தக் கையின் உழைப்பில்தான் இவர் என்ஜினீயரானார். சென்னைக்கு வந்தார். மயிலாப்பூர்க் கோயில் வாசலில் நாயனம் கேட்டுப் பசித்து நின்றார். அந்தப் பசி வயிற்றுப் பசிதானா என்று நான் கேட்கவில்லை.

நண்பர் குழலை வாயில் வைத்து ஊதிக் காட்டினார். காற்றுத்தான் வந்தது. சீவாளி என்றைக்கோ உடைந்து போயிருந்தது.

ஊர் திரும்பியதும் திருவாவடுதுறையிலிருந்து நாலு சீவாளி வரவழைத்துத் தபாலில் அனுப்பி வைத்திருக்கிறேன். காவிரிக் கரை நாணல் அந்தக் குழலுக்குப் பொருந்துமோ பொருந்தாதோ, தெரியாது. பதில் இன்னும் வரவில்லை.